தோங் தாங் சரக்குப் பதிவேடு

மாஸ்கோவின் தண்டவாளம் ஐந்தடி அகலம்.
பெய்ஜிங்கினுடையது அதைவிட நாலு விரற்கடை குறைவு.
எங்களுடையது ஒரே மீட்டர்,
பிரெஞ்சுக்காரன் போட்டுவிட்டுப் போனது.
சகோதரத்துவம் எங்களிடம் வந்துசேர
இரண்டு இடத்தில் இறங்கி ஏற வேண்டியிருந்தது.

நான் நோங் தி சுயென்,
எல்லை நிலையத்தில் சரக்குக் கணக்கெழுத்தர்.
இருபத்திரண்டு வயது.
இடது காதில் பென்சில்,
வலது காதில் விமானம்.

அந்தப் பக்கத்துக் கணக்கர் வெய் ஷௌமிங்.
அவர் தலைநகரத்து மொழி எனக்கு வராது,
என் தலைநகரத்து மொழி அவருக்கு வராது.
ஆனால் அவர் ஜுவாங்.
எங்கள் மலைக்காரர்களுக்கு ஒன்றுவிட்ட உறவு;
கோடு கிழித்தவன் விசாரிக்கவில்லை.
எண்கள் மட்டும் இன்னும் ஒரே வீட்டில் இருக்கின்றன.
மூன்றுக்கு அவர் ஸாம் என்பார், நான் ஸ்லாம்.
ஐந்துக்கு இருவருக்கும் ஹா.
வாயைத் திறந்து மூச்சு விட்டால் போதும்,
ஐந்து வந்துவிடும்.

அரிசி மூட்டை. சைக்கிள் டயர். சல்ஃபா மாத்திரை.
'விவசாயக் கருவி' என்றெழுதிய பெட்டி,
எட்டுப் பேர் தூக்கியும் அசையாதது.
எந்த வயலை உழப்போகிறதென்று
நாங்கள் கேட்பதில்லை.
ஒரு ஜூலையில்
ஆட்டுரோமம் வைத்துத் தைத்த கையுறைகள், நாற்பது பெட்டி.
மழையில் ஊறி
நிலையம் முழுக்கச் செத்த ஆட்டின் வாடை.
'நன்றியுடன் பெற்றோம்' என்று எழுதினேன்.
சமையற்காரர் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டார்,
கொதிக்கும் அண்டாவை இறக்க.

பிறகு அந்த இரவு.
பழைய ஆணித்துளைக்குப் பக்கத்தில் புதிய ஆணி.
யாரோ திறந்திருக்கிறார்கள், யாரோ மூடியிருக்கிறார்கள்.
சீட்டில் நான்கு கருவி. வைக்கோலுக்குள் மூன்று.
விளக்கைத் தூக்கிப் பிடித்தேன்.
வெய் தன் காலணியைப் பார்த்தார்.
ஸ்லாம்? என்றேன்.
ஸாம், என்றார், காலணியிடம்.
காணாமற்போன அந்த ஒன்றுக்காக
இரண்டு பெரிய அண்ணன்கள்
மூன்று மாதம் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.
இருவர் கடிதத்திலும் எங்கள் பெயர் இருந்தது,
எங்களுக்காகத்தான் என்று.
என் பதிவேட்டில்:
மூன்று. ஈரம் படவில்லை.

பெட்டி எதுவும் காலியாகத் திரும்பக்கூடாது, உத்தரவு.
மூங்கில் திரை, ரப்பர் செருப்பு,
எங்கள் சரிவுகளில் காயும் அன்னாசிப்பூ.
ஏவுகணை படுத்திருந்த வைக்கோலிலேயே
அன்னாசிப்பூவைக் கொட்டி ஆணியடித்தோம்.
விலைப் பத்தியில் விலை இல்லை,
'பரஸ்பரம்' என்று ஒரு முத்திரை.
வெய் கிளம்பும்போது
அவர் சட்டைப் பையில் ஒரு பிடி போட்டேன்.
கணக்கில் காட்டவில்லை.
அந்தப் போர் முழுவதிலும்
நான் செய்த திருட்டு அது ஒன்றுதான்.
வியாபாரமும்
அது ஒன்றுதான்.

எழுபத்தொன்பது, பிப்ரவரி.
வடக்கிலிருந்து வந்ததற்கு
இந்த முறை ரசீது இல்லை.
எறிகுண்டுக்குத் தண்டவாளம் எதற்கு,
எங்கும் இறங்கி ஏறாமல் நேராக வந்தது.
வாசலில் விழுந்த துண்டைப் புரட்டிப் பார்த்தேன்:
அதே வளைந்த ஏழு,
அதே ஆலை முத்திரை.
இதே ஆலையின் ஆயிரம் பெட்டிகளை
நன்றியுடன் பெற்றவள் நான்.

நிலவறையில் பதினோரு பேர், ஒரு வாத்து.
விளக்கை அணைத்தாயிற்று.
பழக்கம் விடவில்லை, எண்ணுகிறேன்.
ஸ்லாம்.
ஸ்லீ.
மலைக்கு அந்தப் பக்கம்
போனதை ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார்,
இங்கே வந்ததை நான்.
ஹா.

ஆறாவது
கூரையைத் துளைத்து
அரிசிப் பானைக்குள் இறங்கிக் கிடக்கிறது,
வெடிக்காமல்.

இதை எந்தப் பத்தியில் எழுதுவது?